குறி புற்றுக்கு, அடி நரம்புக்கு

நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. படியேறத் தொடையில் தெம்பில்லை. வாய் வறண்டு போகிறது. டாக்டர் தன் கையை இறுகப் பிடிக்கச் சொல்கிறார். முதலில் தளர்ந்திருக்கும் பிடி, சில நொடிகளில் வலுக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1956-இல் விவரித்த இந்த நோய்க்கு, அவர்களில் இருவர் பெயரால் லாம்பர்ட்-ஈட்டன் நோய் என்று பெயர். இது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நுரையீரலில் சிறுசெல் புற்றுநோய் இருக்கும். பெரும்பாலும் நரம்புக் கோளாறுதான் முதலில் தலைகாட்டும்.

புற்று நரம்புக்குப் பரவியதால் வருவதல்ல இது. நரம்பு முனைகளில் உள்ள கால்சியம் வாயில்கள் சிறுசெல் கட்டியிலும் இருக்கின்றன. கட்டியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகள், நரம்பு முனையின் வாயில்களையும் தாக்கிவிடுகின்றன. கால்சியம் உள்ளே போகாவிட்டால், தசைக்குச் சேதி சொல்லும் அசிடைல்கோலின் போதிய அளவு வெளிவராது. தொடர்ந்து அழுத்தும்போது நரம்பு முனையில் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். பிடி வலுப்பது அதனால்தான்.

மூளையிலும் இதே கதை நடக்கும். 2007-இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர் 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள். திடீர் மனக்குழப்பம், ஞாபக மறதி, வலிப்பு, மூச்சுத் தடுமாற்றம் என்று வந்தவர்கள். பெரும்பாலோருக்குச் சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி. பெரும்பாலும் ஆபத்தில்லாத இந்தக் கட்டிக்குள் முடி, பல், சில சமயம் நரம்புத் திசுகூட இருக்கும். அந்தத் திசுவைக் கண்டு கிளம்பிய ஆன்டிபாடிகள், மூளைச் செல்கள் சேதி வாங்க உதவும் என்எம்டிஏ ஏற்பிகளை முடக்கியிருந்தன. கட்டி இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருவது பின்னர் தெரிந்தது. 577 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் சுமார் 80 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

எல்லாரும் இப்படித் தேறுவதில்லை. என்எம்டிஏ ஏற்பி செல்லின் மேற்பரப்பில் இருப்பது; ஆன்டிபாடி குறைந்தால் அது மீண்டும் வேலை செய்யும். மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களோடு வரும் 'யோ' ஆன்டிபாடி நோயில், குறிவைக்கப்படும் புரதம் செல்லுக்கு உள்ளே இருக்கிறது. அங்கே எதிர்ப்பாற்றலின் டி செல்கள் சிறுமூளையின் பர்கிஞ்சி செல்களையே அழித்துவிடுவதாகக் கருதப்படுகிறது. நடை தள்ளாடும், பேச்சு குழறும். இறந்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

அதனால் ரத்தத்திலோ முதுகுத்தண்டு நீரிலோ இத்தகைய ஆன்டிபாடி தெரிந்தால், மருத்துவர்கள் உடனே கட்டியைத் தேடுவார்கள். கட்டியை அகற்றுவதோடு, ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்றவற்றால் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதும் சிகிச்சையின் பகுதி. லாம்பர்ட்-ஈட்டன் நோயில் முதல் ஸ்கேனில் எதுவும் அகப்படாவிட்டாலும், இரண்டு ஆண்டுகள் வரை சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பது வழக்கம்.