தாடி ஓணானும் நச்சுயிர்ச் சோதனையும்

கூலிம் ஹைடெக் பூங்காவின் ஆலைகளில் செய்யப்படும் மின்னணுச் சில்லுகள் சோதனையில் தேறிய பின்னரே வெளியே செல்கின்றன. உயிர்களைச் சோதிப்பது அத்துணை எளிதன்று. இதற்குத் தாடி ஓணான் தக்க சான்று.

ஆஸ்திரேலியாவின் வறள் நிலத்துக்குரிய இது, நம் வேலியோர ஓணானின் குடும்பத்தது. அந்நாடு தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. ஆதலின் பிற நாட்டு வளர்ப்போரிடம் உள்ளவை பெரும்பாலும் கூண்டிலேயே பெருகியவை. அக்கூண்டுகளில் அடினோ வைரஸ் என்னும் நச்சுயிர் பரவியுள்ளது. அது குஞ்சுகளின் குடலையும் கல்லீரலையும் கெடுக்கும். அவை இரை மறுத்து, மெலிந்து மடியும். வளர்ந்தவையோ நலமுடன் தோன்றிக்கொண்டே எச்சத்தின் வழி நச்சுயிரைப் பரப்பும்.

எச்சவாயிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, அதிலுள்ள நச்சுயிரின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காண்பதே பி.சி.ஆர். சோதனை. 'இல்லை' என முடிவு வந்தால், அன்றைய மாதிரியில் இல்லை என்பதே பொருள். ஏனெனில் நச்சுயிர் விட்டுவிட்டே வெளிப்படும். எனவே புதிதாக வந்ததைத் தனிக்கூண்டில் வைத்து மீண்டும் மீண்டும் சோதித்தல் வேண்டும். இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. பிரித்து வைத்தலே காப்பு.

இந்நச்சுயிர் மனிதரைத் தாக்குவதாக அறியப்படவில்லை. ஆயினும் 1998-99இல் நம் நாட்டில், நோயுற்ற பன்றிகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்றதால் நிப்பா பரவி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தோற்றத்தை நம்பிச் சோதனையைக் கைவிடலாகாது என்பதே இரண்டும் உணர்த்தும் பாடம்.