கைமுதலைப் பிரித்து வைப்போம்: சேமிப்பு, காப்புறுதி, வருமானம்

மீளக்குடியமரும் குடும்பத்திற்கு முதல் வருடமே செலவு கூடிய வருடம். காணியைத் துப்புரவாக்க வேண்டும், கிணற்றை இறைக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். மீதமுள்ள நகை, சிறிதளவு சேமிப்பு, வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணம் ஆகியவையே பலருடைய கைமுதல். அது ஒருமுறை கரைந்தால் மீண்டும் சேர்க்கப் பல வருடங்கள் எடுக்கும். ஆகவே பணத்தை எங்கே, எவ்வளவு வைப்பது என்பதைக் குடும்பமாக இருந்து முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

வீட்டுத்திட்டக் கொடுப்பனவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது வேலை முடியும் அளவுக்கேற்பக் கட்டம் கட்டமாகவே வழங்கப்படும். வேறு தேவைக்கு எடுத்தால் வேலை நின்றுவிடும், அடுத்த கட்டப் பணமும் தாமதமாகும். கொடுப்பனவுக்கு மிஞ்சிய பெரிய வீட்டைத் தொடங்கிக் கடனாளியான குடும்பங்களும் உண்டு.

ஏன் பிரித்து வைக்க வேண்டும்?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு குடும்பத்திடம் ரூபா 200,000 இருக்கிறது. முழுவதையும் வெங்காயச் செய்கையில் போட்டால், ஒரு பெருமழை அல்லது ஒரு விலை வீழ்ச்சி எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். அடுத்த போகத்திற்கு விதை வாங்கவும் கடன்தான் பட வேண்டும். அதே பணத்தில் ரூபா 60,000 வங்கிச் சேமிப்பிலும், ரூபா 100,000 செய்கையிலும், ரூபா 30,000 கோழி வளர்ப்பு, வீட்டுத்தோட்டம், தென்னங்கன்றுகள் ஆகியவற்றிலும், ரூபா 10,000 காப்புறுதியிலும் இருந்தால் செய்கை அழிந்தாலும் குடும்பம் விழாது. நல்ல விலை கிடைக்கும் வருடத்தில் இலாபம் சற்றுக் குறையலாம். ஆனால் கெட்ட வருடத்தைத் தாண்ட முடியும்.

தொகைகள் குடும்பத்திற்குக் குடும்பம் மாறும். ஆனால் ஒரே மழையாலோ ஒரே நோயாலோ ஒரே நேரத்தில் பாதிக்கப்படாத வழிகளாகத் தெரிவு செய்யுங்கள். நெல்லும் உழுந்தும் இரண்டு பயிர்களானாலும் ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகலாம். நெல்லும் தையல் வேலையும் அப்படியல்ல.

முதலில் அவசரப் பணம்

இரண்டு அல்லது மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவுக்குப் போதுமான தொகை, உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அது சேர்ந்த பின்னரே நிலையான வைப்பைப் பற்றி யோசியுங்கள். நிலையான வைப்பைத் தவணைக்கு முன் முறித்தால் வட்டி குறையும்.

தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. உரிமம் பெற்ற ஏனைய வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளை 2010இல் ஆரம்பிக்கப்பட்ட வைப்புக் காப்புறுதித் திட்டம் பாதுகாக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு ரூபா 1,100,000 வரை என 2021இல் எல்லை உயர்த்தப்பட்டது. ஊரில் பிடிக்கும் சீட்டுக்கு இப்பாதுகாப்பு இல்லை. சீட்டுக் கட்டுவதானால் இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்வின்போது வங்கிப் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் கணக்கும் போய்விட்டதென எண்ண வேண்டாம். தேசிய அடையாள அட்டையுடன் கணக்கிருந்த வங்கிக்குச் சென்று விசாரியுங்கள். பத்து வருடங்களுக்கு மேல் பயன்படுத்தாத கணக்கின் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்பட்டிருந்தாலும், உரிமையாளர் அல்லது சட்டப்படியான வாரிசு தமது வங்கியூடாக அதைக் கோரலாம்.

எதற்குக் காப்புறுதி?

எல்லாவற்றுக்கும் காப்புறுதி எடுக்க எவராலும் முடியாது. “எது நடந்தால் எங்கள் குடும்பம் எழும்ப முடியாமற் போகும்?” என்று கேட்டுப் பாருங்கள். உழைப்பவர் ஒருவரே என்றால் அவருடைய ஆயுள், விபத்துக் காப்புறுதி முதலில் வரும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் காலுடைந்து படுத்திருக்கும் மாதங்களில் இழக்கும் கூலியை எவரும் தரமாட்டார்கள்.

பயிர், கால்நடை ஆகியவற்றுக்குக் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை காப்புறுதி வழங்குகிறது. காலபோக விதைப்புக்கு முன்னரே உங்கள் கமநல சேவை நிலையத்தில் விபரம் கேளுங்கள். அழிவு ஏற்பட்டால் உடனே அறிவியுங்கள். அதிகாரி வந்து பார்க்கும் முன் வயலைத் திருப்பி உழுதால் இழப்பை நிரூபிப்பது கடினம். படகு வைத்திருப்போர் பதிவைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

கையொப்பமிடும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

• எந்த இழப்புக்குப் பணம் தருவீர்கள், எதற்குத் தரமாட்டீர்கள்?
• ஒரு தவணை கட்டத் தவறினால் என்ன நடக்கும்?
• இடையில் நிறுத்தினால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்?
• இதே விபரம் தமிழில் எழுத்தில் கிடைக்குமா?

முகவரிடம் பணம் கொடுத்தால் கம்பனியின் பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். கம்பனி பதிவு செய்யப்பட்டதா என்பதை இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் விசாரிக்கலாம்.

கவனிக்க வேண்டிய இரண்டு பொறிகள்

ஆட்களைச் சேர்த்தால் பணம் பெருகும் என்று சொல்லும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டவிரோதமானவை. சேருமாறு கேட்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் விலகி நில்லுங்கள்.

அடுத்தது வாரக் கடன். ரூபா 50,000 எடுத்து, வாரம் ரூபா 1,250 வீதம் 52 வாரங்கள் கட்டினால் மொத்தம் ரூபா 65,000. வட்டி நூற்றுக்கு 30 போலத் தோன்றும். ஆனால் முதலையும் வாராவாரம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால் உண்மையான வருட வட்டி அதைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. வாரந்தோறும் வருமானம் தராத தேவைக்கு இப்படிப்பட்ட கடனை எடுக்காதீர்கள்.

இந்த மாதமே செய்யக்கூடியவை

• கணவன், மனைவி இருவரும் சேர்ந்து ஒரு மாத வரவு செலவை எழுதுங்கள்.
• வங்கிக் கணக்கிலும் காப்புறுதிப் பத்திரத்திலும் உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவரின் பெயரைப் பதியுங்கள்.
• அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை நீர் புகாத பையிலிட்டு, வேறிடத்திலுள்ள நம்பிக்கையான உறவினரிடமும் ஒரு தொகுதி கொடுத்து வையுங்கள்.
• எது எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த சேமிப்பு, அவர் இல்லாத நாளில் குடும்பத்திற்கு உதவாது.