சகஸ்ரநாமமும் வாஷி பாலமும்

நமது சங்க விழாக்களில் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லும் நெருள் மாமிமார் கோஷ்டியை வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். முன்வரிசையில், இடது ஓரத்தில், புத்தகம் இல்லாமல் உட்கார்ந்து சொல்பவள் என் மனைவி. பின்னால் மைக் செட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டு நின்றவன் நான். சகஸ்ரநாமத்தைப் பற்றி எழுதும் தகுதி உண்மையில் அவளுக்குத்தான் உண்டு. நான் ஏன் எழுத நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பண்டிதன் அல்ல. திருச்சியில் சிவில் டிப்ளமா முடித்து, 1982-ல் ரயில்வேயில் சேர்ந்து, பாலங்கள் பிரிவிலேயே பெரும்பாலும் காலம் தள்ளி, 2019-ல் ஓய்வு பெற்றவன். மழைக்காலம் முடிந்ததும் பாலம் பாலமாக ஏறி இறங்கி ரிவெட்டுகளைச் சுத்தியால் தட்டிப் பார்ப்போம். இறுகியிருந்தால் ஒரு சப்தம், தளர்ந்திருந்தால் வேறு சப்தம். எனக்குத் தெரிந்த நாத சாஸ்திரம் அவ்வளவுதான்.

1996-ல் நெருளுக்குக் குடிவந்தோம். மான்குர்த்திலிருந்து கடற்கழியைத் தாண்டி வாஷிக்கு ரயில் வந்தது 1992-ல்; அடுத்த ஆண்டு நெருள் வரை நீண்டது. ஆபீஸ் வி.டி. பக்கம். போக ஒரு மணி, வர ஒரு மணி. "ஏன்னா, ரயில்ல சும்மாத்தானே உட்கார்ந்திண்டிருக்கேள்? சகஸ்ரநாமம் சொல்லிண்டு போகலாமே" என்றாள் மனைவி. நாலாவது சீட்டில் பாதி உடம்புடன் தொங்குபவனைப் பார்த்துச் 'சும்மா உட்கார்ந்திருக்கிறவன்' என்று அவள் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் தொடங்கினேன். அதே பெட்டியில் தாளம் தட்டி அபங்கம் பாடும் மராட்டி அன்பர்கள் இருந்தார்கள். அவர்கள் சப்தத்தில் என் முணுமுணுப்பு யார் காதிலும் விழாது. பூர்வ பாகம், ஆயிரம் நாமம், பலச்ருதி எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். நெருளில் ஆரம்பித்தால் குர்லா வருவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி ஓடிற்று.

என்னிடம் இருந்தது தமிழ் எழுத்தில் அச்சிட்ட சிறு புத்தகம். நம் க, ச, ட, த, ப எழுத்துக்களுக்கு மேலே 2, 3, 4 என்று பொடி எண்கள் போட்டிருக்கும். வடமொழியின் நால்வகை ஒலிகளைக் காட்ட. ஆடும் ரயிலில் அந்த எண்களை யார் பார்த்தது? எல்லாவற்றையும் ஒரே 'ப'வாகச் சொல்லிவந்தேன். பொருளோ, ஒன்றும் தெரியாது. மகாபாரதத்து அனுசாசன பர்வத்தில், அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் தருமபுத்திரருக்குச் சொன்னது என்ற அளவுக்குத் தெரியும். மற்றபடி கிளிப்பிள்ளைதான்.

2023 ஆடி மாதம் ஒரு காலை, காப்பி டம்ளர் மனைவியின் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. மூளையில் ரத்த அடைப்பு. பத்து நாள் ஆஸ்பத்திரி. வீடு திரும்பியபோது நடக்க முடிந்தது, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, பதில் வார்த்தை வரவில்லை. பேத்தியின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் "அது... அது..." என்று தவித்து, அழுவாள். இதற்கு அஃபேசியா என்று பெயர் சொன்னார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை மாமிமார் வந்தார்கள். என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாமி, பேச்சை விட இது சுலபம் என்று நினைத்தாரோ என்னவோ, சகஸ்ரநாமத்தை ஆரம்பித்துவிட்டார். பத்துப் பதினைந்து சுலோகம் போயிருக்கும். கட்டிலிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. முதலில் ஒவ்வொரு அடியின் கடைசி வார்த்தை, பிறகு அரை அடி, பிறகு முழுசாக. வாய் சற்றுக் கோணியிருந்ததே தவிர, எழுத்துச் சுத்தமாக வந்தது. மாமிமார் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளும் நின்றுவிடுவாளோ என்ற பயம்.

வாஷியில் பேச்சுப் பயிற்சி தரும் மராட்டிப் பெண்மணியிடம் இதை ஓர் அதிசயமாகச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, கிழமைகளின் வரிசை, பாட்டு, பிரார்த்தனை இவையெல்லாம் நாமாக வாக்கியம் அமைத்துப் பேசும் பேச்சைச் சேர்ந்தவை அல்ல, பேச்சு போனவர்களிடமும் இவை தங்கிவிடுவதுண்டு என்றார். பிறகு நானும் தேடிப் படித்தேன். ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில டாக்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சுலோகம் சொல்வதாலேயே பேச்சு திரும்பிவிடும் என்று நம்பிவிடாதீர்கள், பயிற்சி தனி என்றும் அந்தப் பெண்மணி எச்சரித்தார். அது சரியான எச்சரிக்கைதான்.

பிறகு ஒன்று கேட்டார்: "இவர் சொல்வதற்கு அர்த்தம் என்ன?"

"கடவுளின் ஆயிரம் பெயர்கள்" என்றேன். "ஏதாவது நாலைந்துக்கு அர்த்தம் சொல்லுங்கள்" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. கேசவன், மாதவன் என்று தெரிந்த பெயர்களையே திரும்பச் சொல்லிச் சமாளித்தேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே மாதுங்காவுக்குப் போய், கிரி கடையில் ஆதிசங்கரரின் உரையைத் தழுவிய தமிழ்ப் புத்தகம் வாங்கினேன். நாளைக்கு ஒரு நாமம் என்று கணக்கு. பழைய இன்ஸ்பெக்‌ஷன் டயரி ஒன்றில் எண், நாமம், பொருள் மூன்றையும் எழுதி, மாலையில் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

படித்தால்தான் தெரிகிறது எத்தனை விஷயம் என்று. 'விஷ்ணு' என்ற பெயரே 2, 258, 657 ஆக மூன்று இடங்களில் வருகிறது. எங்கும் நிறைந்தவன் என்று ஓரிடம், உலகை அடியால் அளந்தவன் என்று ஓரிடம், விண்ணும் மண்ணும் நிறைந்த ஒளியுடையவன் என்று ஓரிடம். கூறியது கூறல் என்ற குற்றம் வராதபடி சங்கரர் வேறு வேறு பொருள் காட்டுகிறார். 822 முதல் 824 வரை ஆலமரம், அத்திமரம், அரசமரம்! வைணவப் பெரியவரான பராசர பட்டரும் இதற்கு உரை செய்திருக்கிறார். அது அடுத்த சுற்றுக்கு.

287-ஆம் நாமம் 'ஔஷதம்', மருந்து. அதற்கு அடுத்தது 'ஜகத: ஸேது:', உலகத்தின் ஸேது. அன்று டயரியை மூடி வைத்துவிட்டேன். முப்பத்தேழு வருஷம் பாலத்தில் வேலை செய்தவன், பாலம் என்ற நாமத்தை ஆயிரக்கணக்கான தடவை சொல்லியும் அறியாமல் இருந்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், வண்டி நேரத்துக்கு ஓடிய நாட்களில் அந்த நாமம் ஏறக்குறைய வாஷி பாலத்தின் மேலேயே வந்திருக்க வேண்டும். ஸேது என்றால் பாலமும் உண்டு, நீரைத் தடுக்கும் கரையும் உண்டு. இன்ஜினீயருக்கு இவை எதிரெதிர் வேலைகள்: ஒன்று கடக்க விடுவது, மற்றது கலக்காமல் தடுப்பது. சங்கரர் இரண்டையுமே சொல்கிறார்: பிறவியைக் கடத்துவிப்பவன், உலக ஒழுங்கு குலையாமல் காப்பவன். அன்று மாலை மனைவியிடம் இதை விளக்கியபோது கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் போலும், தூங்கிவிட்டாள்.

பொருள் தெரியாத பாராயணம் வீண் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. நானும் சில காலம் அப்படிச் சொன்னவன்தான். இப்போது சொல்லமாட்டேன். அவள் சிறுமியாக இருந்தபோது அவள் பாட்டி ஒரு வார்த்தைக்கும் பொருள் சொல்லாமல் காதில் ஏற்றியதுதான் இன்று அவளிடம் மிஞ்சியிருக்கும் முழு வாக்கியங்கள்.

உச்சரிப்பில் எனக்கு இரண்டு ஆசிரியர்கள். 578-ஆம் நாமத்தை 'பேஷஜம்' என்று படித்தேன், நம் 'பெரிய' என்பதில் வரும் பகரம் போல. கட்டிலிலிருந்து அடிவயிற்று ஒலியோடு சரியான வார்த்தை வந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, தமிழ் எழுத்துத் தெரியாதவள், பள்ளியில் கற்ற தேவநாகரியில் பார்த்துவிட்டு, "தாத்தா, பாட்டிதான் கரெக்ட்" என்றாள். என் புத்தகத்தில் அந்த எழுத்தின் மேல் பொடியாக 4 போட்டுத்தான் இருந்தது. அதற்கும் பொருள் மருந்துதான். அடுத்த நாமம் வைத்தியன்.

பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காப்பி, தண்ணி, வலி, போதும். பேத்தியின் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. நான் இப்போது 657-ல் இருக்கிறேன். விட்டுப்போன நாட்கள் நிறைய.

சனிக்கிழமைகளில் மாமிமார் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். மைக்கும் இல்லை, ஒயரும் இல்லை. எனவே நானும் புத்தகத்துடன் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். பொருளை நினைத்துக்கொண்டு சொல்லப்போனால் இரண்டு சுலோகம் பின்தங்கிவிடுகிறேன். அப்போது அவள் இடது கையால் என் முழங்காலைத் தட்டி, அந்த அடியைக் கொஞ்சம் உரக்கச் சொல்வாள். நான் பக்கத்தைப் புரட்டிச் சேர்ந்துகொள்வேன்.