ஒற்றைக் காம்பராவிலும் பிள்ளைக்கு ஓர் இடம்



"பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுல எதை எங்கய்யா வைக்கிறது?" லயத்துக்குப் போகும்போதெல்லாம் எங்களிடம் இப்படிக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வெள்ளைக்காரர் காலத்து லயங்கள் ஆட்களைத் தங்கவைக்கக் கட்டப்பட்டவை. குடும்பம் வளர்வதற்கென்று கட்டப்பட்டவை அல்ல. சொந்தக் காணியும் வீடும் கேட்பது நமது உரிமை. ஆனால் அது கிடைக்கும் வரை பிள்ளைகளின் நெஞ்சும் படிப்பும் காத்திருக்குமா? ஆகவே இருக்கிற காம்பராவை எப்படி ஒழுங்கு பண்ணலாம் என்று பார்ப்போம்.

முதலாவது புகை. ஈர மிலாறு எரியும்போது கண் எரிவது மட்டுமல்ல, சிறு பிள்ளைகளுக்கு நியூமோனியாவும் அடுப்பு ஊதும் பெண்களுக்குத் தீராத நெஞ்சு வருத்தமும் வரக்கூடும். வீட்டுக்குள் சேரும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

"ஜன்னலைத் தொறந்தா குளிரு அடிக்குதே" என்பீர்கள். சூடான புகை மேலேதான் போகும். அடுப்புக்கு நேரே, கூரைக்குக் கிட்ட ஒரு திறப்பு இருந்தால் கீழே குளிர் அடிக்காமல் புகை வெளியேறும். சுவரிலோ கூரையிலோ கை வைக்குமுன் தோட்டக் காரியாலயத்தில் அனுமதி கேளுங்கள். மிலாறை மழை படாத இடத்தில் காயவைத்து எரியுங்கள். மண்ணால் செய்த அனகி அடுப்பில் ஒரே நெருப்பில் இரண்டு சட்டி வேகும், விறகும் மிச்சம். தொட்டிலை அடுப்பிலிருந்து தூரக் கட்டுங்கள்.

இன்னொன்று. பல லயங்களில் நடுச்சுவர் கூரை மட்டும் போவதில்லை. நம் வீட்டுப் புகை அடுத்த வீட்டுத் தொட்டிலுக்கும் போகிறது. ஆகவே இது ஒரு வீட்டு வேலை அல்ல, லயமே சேர்ந்து செய்யவேண்டிய வேலை.

இரண்டாவது வெளிச்சம். ஒரு வீட்டில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் அடுப்படி மூலையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டோம். இருந்த ஒரே ஜன்னலை அலுமாரி மறைத்திருந்தது. வெளிச்சமான இடத்தில் டிவி! தகப்பனாரும் நாங்களுமாக அலுமாரியை எதிர்ச்சுவருக்குத் தள்ளினோம். ஜன்னலடியில் ஒரு பலகை அடித்தார். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதும் காம்பராவே பெரிசாகத் தெரிந்தது. பிறகு போனபோது, "பிள்ளை படிக்கிற நேரம் டிவி போடுறதில்லைங்கய்யா" என்றார் தாயார். அலுமாரியை நகர்த்தியதை விட அதுதான் பெரிய மாற்றம்.

இடம் சின்னதாக இருக்கும்போது, அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். புகை எப்போதும் அம்மாவுக்கு, வெளிச்சம் எப்போதும் டிவிக்கு என்றிருந்தால் புதிய வீடு கிடைத்தாலும் அதே கதைதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நம் காம்பராவில் நல்ல வெளிச்சமான இடம் எது? அங்கே இப்போது இருப்பது யார்?