பொறி தட்டும் நேரம்

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்த காவிரி மின்சாரம், சுமார் 30,000 வோல்ட் அழுத்தத்தில் 147 கிலோமீட்டர் கடந்து வந்தது. இன்று அதே தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் தெருவில் நிற்கும் ஒரு பெட்ரோல் காரிலும் ஏறக்குறைய அதே அழுத்தம் பிறக்கிறது, கையில் அடங்கும் ஒரு காயிலுக்குள். பேட்டரி கொடுப்பது 12 வோல்ட்தான். காயிலின் முதல் கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால், ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இன்னொரு கம்பியில் அழுத்தம் எகிறும். ஸ்பார்க் பிளக்கின் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி பாயும்.

எந்தக் கணத்தில் துண்டிப்பது? சூட்சுமம் அங்கேதான்.

சுரங்கத்தில் அந்நாளில் திரியைப் பற்றவைத்த உடனே வெடி வெடிக்காது. திரி எரியும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் பற்றவைத்தார்கள். இன்ஜினிலும் அதே கணக்கு. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிந்து முடிய ஓரிரு மில்லி செகண்ட் ஆகும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு முழுச் சுற்றே 20 மில்லி செகண்ட். இரண்டு மில்லி செகண்டுக்குள், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு 36 டிகிரி திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும்.

அம்பாசிடர் கார் காலத்தில் இந்தத் துண்டிப்பைச் செய்தது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிய பாயிண்ட். அது தேயும், கரியும், டைமிங் நகரும். டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே சரிசெய்த மெக்கானிக்குகளின் காது அபாரமானது.

இப்போது கிராங்கோடு சுழலும் பற்சக்கரத்தை ஒரு சென்சார் கவனிக்கிறது. பல கார்களில் 60 பற்களுக்கான இடத்தில் இரண்டை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்த வெற்றிடம் கடக்கும்போது கிராங்க் எங்கே நிற்கிறது என்று இன்ஜினின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். வேகம், உள்ளே வரும் காற்று, இன்ஜின் சூடு மூன்றையும் பார்த்து, எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி வேண்டும் என்று தன் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

மெக்கானிக்கின் காதுக்கு ஈடான ஒன்றும் இங்கே உண்டு. பொறி மிக முந்தினால் எரியாத மிச்சக் கலவை தானாகவே பற்றி இன்ஜின் தட்டும். பிளாக்கில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு படிகம் அந்த அதிர்வை உணர்ந்ததும், கம்ப்யூட்டர் பொறியைச் சில டிகிரி பின்னுக்கு இழுக்கிறது. பிறகு மெல்ல மெல்ல மறுபடி முன்னே நகர்த்திப் பார்க்கிறது. 800 மீட்டருக்கும் மேலான தங்கவயலிலிருந்து சென்னைக்கு இறங்கும் காரில், காற்று அடர்ந்துகொண்டே போகும் வழியெங்கும் இந்தக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது.