செர்ரிபர்ன் முற்றத்தில் இப்போது பன்றி இல்லை

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், டைன் ஆற்றுக்குத் தெற்கே மிக்லி கிராமத்தை ஒட்டி இருக்கிறது செர்ரிபர்ன். மரச்செதுக்குப் படக்கலைஞர் தாமஸ் பியூவிக் 1753இல் பிறந்த வீடு. கழுவிவிட்ட கல்முற்றம், மலர்ச்செடிகள், பழைய கை அச்சு இயந்திரம். 1991 முதல் நேஷனல் டிரஸ்ட் காத்துவருகிறது. அழகுதான். ஆனால் பியூவிக் இப்படியொரு முற்றத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

அவர் அப்பா எட்டு ஏக்கர் குத்தகை நிலத்தோடு சின்ன நிலக்கரிச் சுரங்கமும் நடத்தியவர். எட்டுப் பிள்ளைகளில் தாமஸ் மூத்தவர். ஊரைச் சுற்றிப் புறம்போக்கு மேய்ச்சல் நிலம். அதில் குடிசை போட்டு, ஆடும் வாத்தும் வளர்த்துப் பிழைத்த ஏழைகள். சேறும் கரித்தூளும் சாணமும் இல்லாத நாளே இருந்திருக்காது. பொது நிலத்தைப் பின்னாளில் வேலியிட்டுப் பங்கு போட்டுக்கொண்டார்கள். குடிசைக்காரர்கள் போனார்கள். அந்த ஆத்திரம் பியூவிக்கின் தன்வரலாற்றில் ஆறவே இல்லை.

14 வயதில் நியூகாசிலில் ரால்ஃப் பீல்பி என்ற உலோகச் செதுக்குக்காரரிடம் தொழில் பழகப் போனார். பின்னர் அங்கேயே தொழில் செய்தபோதும், பெற்றோர் இருந்தவரை வாராவாரம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வருவார். ஆற்றில் வெள்ளமென்றால் அக்கரையிலிருந்தே கத்தி நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவார். இன்று காரில் வருகிறவருக்கு ஆறு குறுக்கே இருப்பதே தெரியாது.

பலகையின் நீளவாக்கில் கத்தியால் வெட்டுவதுதான் அதுவரை மரச்செதுக்கில் பெருவழக்கு. பியூவிக், பாக்ஸ் மரத்தைக் குறுக்காக அறுத்து, கெட்டியான அந்த முகத்தில் உலோகத்துக்குரிய நுண் உளியை ஓட்டினார். முடியளவு கோடும் விழுந்தது. ஈய எழுத்துகளோடு சேர்த்து அச்சிடவும் முடிந்தது. 1797இலும் 1804இலும் வந்த பிரிட்டிஷ் பறவைகள் நூல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. எனக்கு அதில் பறவைகளைவிட, பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடத்தில் அவர் போட்ட குட்டிப் படங்களே மேல். பாலத்துச் சுங்கக் காசை மிச்சம்பிடிக்க மாட்டு வாலைப் பிடித்து ஆற்றைக் கடக்கிறான் ஒருவன், தொப்பி பறிபோகிறது. குருடர், மரக்கால் சிப்பாய், விடாத மழை எல்லாம் உண்டு. பழைய மிக்லி கிடைப்பது அங்கேதான். வீட்டிலோ, ஒரு பகுதி இடிந்து தொழுவமாகக் கிடந்த குடிசையில் மிஞ்சிய கல்லைத்தான் டிரஸ்ட் காக்க முடியும். அதைக் குறைசொல்வது நியாயமில்லை.

தவிர, துப்புரவை ஆரம்பித்தது டிரஸ்ட் அல்ல. 1797 தொகுதியில் ஒரு படம்: பன்றி மேயும் குப்பைமேட்டருகே, மறைப்பு சரியாக இல்லாத கழிப்பிடத்தில் ஒருவன் குந்தியிருக்கிறான். பார்த்தவர்கள் நெளிந்தார்கள். சில பிரதிகளில் அந்த இடத்தில் மை பூசினார்கள். பிறகு பியூவிக்கே உளியை எடுத்து இரண்டு பலகைகளைக் குறுக்கே அடித்துவிட்டார்.