கண் ஆபரேஷனுக்குப் பிறகு விளக்கு கூசுகிறதா?

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியாச்சு. மாலையில் கடை வாசலில் நின்றால், எதிரே வரும் பஸ்சின் விளக்கு கண்ணைக் குத்துகிறது. தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. "ஐயோ, ஆபரேஷன் கெட்டுப் போச்சா?" என்று பலர் கலங்குகிறார்கள்.

பெரும்பாலும் பயம் வேண்டாம்!

புரை விழுந்த லென்சு இத்தனை நாள் வெளிச்சத்தைத் தடுத்து வந்தது. இப்போது இருப்பது தெளிவான செயற்கை லென்சு. வெளிச்சம் தாராளமாக உள்ளே போகிறது. அதனால் ஆரம்பத்தில் கூசும்.

சிலருக்குக் காதுப் பக்கத்து ஓரத்தில் பிறை போலக் கறுப்பு நிழல் தெரியும். இதுவும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறைந்துவிடும்.

என்ன செய்யலாம்?

வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை விடுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். இரவில் கூடவே கூடாது.

மறுபடி புரையா?

மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மங்கினால், "புரை திரும்ப வந்துடுச்சு" என்பார்கள். எடுத்த புரை திரும்ப வராது. லென்சுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கியிருக்கலாம். லேசர் சிகிச்சையில் சில நிமிடங்களில் சரி செய்துவிடலாம். கத்தி, தையல் கிடையாது.

உடனே ஓடுங்கள்!

கண் வலி, அதிகமாகும் சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு, மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரென்று பறக்கும் கரும்புள்ளிகள், பார்வையில் திரை விழுந்தது போன்ற மறைப்பு - இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றால் பார்வையே பறிபோகலாம்.